நல்லா இருக்கிற போர்ட்

ரீடரைச் செருகினால் சிவப்பு விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. அவ்வளவுதான். என் லேப்டாப்பில் இடது பக்கம் இரண்டு யூஎஸ்பி போர்ட், வலது பக்கம் ஒன்று. மூன்றிலும் அதே கதை. போன வாரம் வரைக்கும் இதே லேப்டாப்பில் இதே ரீடர், விரலை வைத்தவுடன் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பெனி விற்பதே இந்த ரீடரைத்தான். விரல் ரேகையை வைத்து வருகைப்பதிவு எடுக்கிற டப்பா. டப்பாவை வெளியிலிருந்து வாங்குகிறோம், அதை ஓட்டுகிற மென்பொருள் எங்களுடையது. அதிலும், தேய்ந்துபோன ரேகையைப் படிக்கிற பகுதி நான் எழுதியது. வியாழக்கிழமை அதை ஓர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் பயிற்சிக்காலத்தோடு போய்வா என்று அர்த்தம். எங்கள் முதலாளி சார் இதை மூடிமறைத்துச் சொல்லவில்லை, எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார். நான் ரீடரைச் செருகி விழித்துக்கொண்டிருந்தது திங்கட்கிழமை.

லேப்டாப்பில் கோளாறு என்றால் எங்கள் ஆபீசில் போக வேண்டியது ஒரே அறைக்கு. கதவில் ‘சிஸ்டம் அட்மின்’ என்று போட்டிருக்கும். ‘சாரின் மச்சான்’ என்று போட்டிருந்தால் குழப்பம் இருந்திருக்காது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரீஸ்டார்ட். பிரிண்டர் ஓடாவிட்டாலும் ரீஸ்டார்ட், நெட் வராவிட்டாலும் ரீஸ்டார்ட். ஏ.சி.யில் தண்ணீர் சொட்டினபோதுகூட ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னவர்.

“அண்ணே, யூஎஸ்பி எடுக்கல.”

“ரீஸ்டார்ட் பண்ணியா?”

“பண்ணிட்டேன்.”

“எத்தனை தடவை?”

“அதென்ன மாத்திரையாண்ணே, வேளைக்கு ஒண்ணுன்னு போட?”

முறைத்தார். லேப்டாப்பை வாங்கி, சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரி தலைகீழாக ஆட்டினார். ஒன்றும் விழவில்லை. போர்ட்டில் வாயை வைத்து ஊதினார். காற்றைவிட எச்சில் அதிகம் போனது.

“வீட்டுக்குக் கொண்டுபோறல்ல?”

“ஆமா.”

“வீட்டுல யார் யார் தொடுவாங்க?”

“யாரும் தொடமாட்டாங்க.”

“தொடுவாங்கம்மா. உனக்குத் தெரியாது. புதுசா ஒரு பொருளைப் பாத்தா கை சும்மா இருக்காது, கண்டதைச் செருகிப் பாப்பாங்க. எங்க வீட்டு வேலைக்காரம்மா அப்படித்தான், ரிமோட்டைத் தண்ணி தொட்டுத் துடைச்சு வச்சுட்டா.”

அவர் வீட்டு வேலைக்காரம்மாவுக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தம் தெரிந்துதான் மனிதர் சொன்னார்.

“மதர்போர்டு போச்சு,” என்று முடித்தார்.

“திறந்து பாக்கவே இல்லையேண்ணே.”

“பாக்கணும்னு இல்ல. அனுபவம்.”

சில ஆண்களுக்கு வயசு ஏறினால் அதையே அனுபவம் என்று கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். முதல் வேலையாகத் துணியால் எச்சிலைத் துடைத்தேன். சார்ஜரைக் கழற்றி, முழுசாக அணைத்து, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கின மின்சாரம் வடியட்டும் என்று விட்டேன். பலன் இல்லை. போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்தேன். உள்நாக்கு வளையவில்லை, தகடுகள் பளிச்சென்று இருந்தன, ஒரு நூல்கூட அடைத்திருக்கவில்லை. கேபிளை மாற்றினேன். ரீடரையே மாற்றினேன். என் போனைச் செருகினேன், சார்ஜ் ஏறியது. அப்படியானால் மின்சாரம் வருகிறது. மதர்போர்டு போய்ச் சேர்ந்திருந்தால் இது வராது.

பக்கத்து மேஜை நெட்டை. என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். உட்கார்ந்தால் முழங்கால் மேஜைக்கு அடியில் அடங்காது, அதனால் எப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் வேலை பார்ப்பான்.

“உன் மௌஸைக் குடுடா.”

“எதுக்கு?”

“சமைச்சுத் தின்ன. குடு.”

செருகினேன். திரையில் அம்பு ஓடியது. மூன்று போர்ட்டிலும் ஓடியது.

“போர்ட் போயிடுச்சுன்னு அண்ணன் சொன்னாரே,” என்றான் நெட்டை.

“அவர் சொன்னார்னா உங்க தாத்தா போய்ச் சேந்ததையே நான் இன்னொரு தடவை விசாரிப்பேன்.”

போர்ட் உயிரோடு இருக்கிறது. மௌஸை உள்ளே விடுகிறது, ரீடரை விடவில்லை. பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன், அதையும் விடவில்லை. கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். ரீடரின் பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அதைத் தட்டினால் உள்ளே ஒரு வரி: இந்தக் கருவியை இணைக்க உங்கள் நிறுவனத்தின் கொள்கை அனுமதிக்கவில்லை, நிர்வாகியை அணுகவும்.

நிர்வாகி யார்? இப்போதுதான் அணுகிவிட்டு வந்தேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, கதவு துருப்பிடித்துவிட்டது என்று எச்சில் துப்பினாரே, அவர்தான்.

சரி, கம்பெனி பாதுகாப்பு என்று பூட்டியிருப்பார்கள், எங்கும் நடப்பதுதான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பயிற்சிக்காலத்தில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். டாக்டர் மகள் லேப்டாப்பில் செருகினேன், உடனே திறந்தது. “ஏய், வைரஸ் கிரஸ் இருக்கப்போகுது,” என்றாள், கையில் நெயில்பாலிஷ் காய்ந்துகொண்டிருந்தது. பேராசிரியர் மகன் லேப்டாப்பிலும் திறந்தது. அவன் ஒரு முழுப் படத்தையே ஆபீஸ் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தான். கடைசியில் நெட்டையுடையதில் செருகினேன். திறக்கவில்லை. மஞ்சள் முக்கோணம்.

நெட்டையின் அம்மா பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர். என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வேலைக்கு எடுத்த அன்று சார் எங்கள் நான்கு பேரிடமும் மறக்காமல் கேட்ட ஒரே கேள்வி, “அப்பா என்ன பண்றாரு?” நான் அதை அன்பான விசாரிப்பு என்று நினைத்துக்கொண்டு சத்தமாகப் பதில் சொன்னேன்.

இப்போது ஏன் பூட்டு என்பதற்குக் கதை தேடவேண்டியதில்லை. பத்து நாளைக்கு முன்னால் ஒருத்தன் வாடிக்கையாளர் விவரத்தையெல்லாம் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் யார்? சாரின் அண்ணன் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், ஆபீஸ் வாசலில் காரைக் குறுக்கே நிறுத்துகிறவன். நாங்கள் வாரிசு என்று கூப்பிடுவோம். வாரிசு திருடினான், பூட்டு எங்களுக்கு விழுந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகளின் இரண்டு கையையும் கட்டியாயிற்று.

நெட்டையிடம் சொன்னேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“விடு. நான் எதையும் செருகறதே இல்ல.”

“உன்னைத் திருடன்னு எழுதி வச்சிருக்காங்கடா.”

“எழுதிட்டுப் போறாங்க. எனக்குச் சம்பளம் வருதுல்ல.”

“உனக்கு உயரத்தைக் குடுத்தவன் அதுல கொஞ்சம் முதுகெலும்பும் வச்சிருக்கலாம்.”

“உனக்கு நாக்கைக் குடுத்தவன் அதுக்கு ஒரு பிரேக்கும்,” என்றான்.

திரும்பவும் ரீஸ்டார்ட் அறைக்குப் போனேன்.

“அண்ணே, மதர்போர்டு பிழைச்சுடுச்சு. நீங்கதான் பூட்டியிருக்கீங்க.”

அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட வரவில்லை. “ஓ, அதுவா? அது எல்லாருக்கும் போட்டது.”

“எல்லாருக்கும் இல்ல. நெட்டைக்கும் எனக்கும்.”

“சிஸ்டம் தானா எடுத்துக்கும்மா. நம்ம கையில இல்ல.”

“எங்க அப்பா மூட்டை தூக்குறது சிஸ்டத்துக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?”

“எதுவா இருந்தாலும் சார்கிட்டப் பேசு,” என்று மானிட்டருக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்.

சார் வேறு ரகம். திட்டமாட்டார். உட்காரச் சொல்வார், தண்ணீர் வேண்டுமா என்பார். அடிக்கிற கைக்கு முன்னால் தடவுகிற கையை நீட்டுவார்.

“பாரும்மா, இதைப் பர்சனலா எடுத்துக்கக்கூடாது. நீ நல்ல பொண்ணு, எனக்குத் தெரியாதா? ஆனா சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கு. வெளிய யாராவது ஆசை காட்டினா, இல்லாத வீட்டுப் பிள்ளைங்க தடுமாறிடும். அந்தத் தடுமாற்றம் வராம நான் பாத்துக்கறேன். ஒரு வகையில உனக்குத்தான் பாதுகாப்பு.”

“திருடினது உங்க அண்ணன் மகன் சார்.”

“அது குடும்ப விஷயம்.”

குடும்பத்தில் நடந்தால் விஷயம். எங்களுக்கு நடக்காமலே கொள்கை.

“வியாழக்கிழமை எதுல ஓட்டிக் காட்டட்டும்?”

கொஞ்சம் யோசித்தார். “டாக்டர் பொண்ணு லேப்டாப்ல வச்சு அவளே காட்டட்டும். இங்கிலீஷும் அவளுக்கு நல்லா வரும். நீ பக்கத்துல நில்லு, சந்தேகம் கேட்டா எடுத்துக் குடு.”

அவள் காட்டினால் நிரந்தரம் யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. “நான் எழுதினது சார். நான்தான் காட்டுவேன். இல்லேன்னா தேஞ்ச விரல் வரும்போது ரீடர் ஏன் முழிக்குதுன்னு அவளையே கேட்டுக்கோங்க,” என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் கொட்டினேன். எங்கள் வீடு ஒரே அறை. அப்பா சுவரோரம் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். அம்மா வேலை பார்ப்பது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், இஸ்திரிப் பகுதியில். நீராவியும் சூடும் பட்டுப்பட்டு அவள் விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. நான் எழுதின அந்தப் பகுதியே அந்த விரல்களை வைத்துத்தான் உருவானது. தினமும் ரீடரில் அவள் விரலை வைத்து வைத்து, எங்கே படிக்கவில்லை, எங்கே பாதி படிக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு விரல் ஏமாற்றினால் அடுத்த விரலைக் கேட்கும், இரண்டையும் சேர்த்து ஆளைச் சொல்லும். கடைகளில் விற்கிற மற்ற டப்பாக்கள் அம்மாவைப் பார்த்தால் ஆளே இல்லை என்று சொல்லிவிடும்.

முழுசும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள், “எங்களைத் தினமும் வாசல் கேட்ல நிக்கவச்சு மேலயும் கீழயும் தடவித்தான் வெளிய விடுவாங்க. உன்னை உனக்கே தெரியாம தடவியிருக்காங்க. படிச்சதுக்கு அந்த அளவு மரியாதை.”

“சிரிக்காதம்மா.”

“சிரிக்கல. முதல் நாள் நானும் இப்படித்தான் குதிச்சேன். அந்தத் தடவுற பொம்பளை என்ன சொன்னா தெரியுமா? என்னையும்தான் போகும்போது தடவுறாங்க, வாயை மூடிட்டுக் கையைத் தூக்குன்னா.”

அப்பா தலையைத் தூக்காமலே, “வேலையை விட்டுடாத,” என்றார். அதற்கு மேல் பேசினால் முதுகு இழுக்கும்.

மறுநாள் சார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிற நேரம் மட்டும் ரீஸ்டார்ட் பூட்டைத் திறப்பார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் பூட்டுவார். “உனக்காகத்தான்,” என்றார் சார். சிறைக்காரர்கள்கூடப் பார்வையாளர் நேரத்தை உனக்காகத்தான் என்று சொல்வார்களா தெரியவில்லை. நான் சரி என்றேன். வியாழக்கிழமை எனக்கு வேண்டும்.

வியாழக்கிழமை வந்தவர் ஆஸ்பத்திரியின் நிர்வாக மேலாளர் அம்மா. பருத்திச் சேலை, முகத்தில் அலுப்பு, கையில் ஒரு பென்டிரைவ் கோர்த்த சாவிக்கொத்து. கூட்ட அறையில் என் திரையைப் பெரிதாகச் சுவரில் விட்டிருந்தோம். ரீஸ்டார்ட் என் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

ரீடரைச் செருகினேன். பச்சை.

“எங்க பிரச்சினை என்னன்னா,” என்றார் மேலாளர் அம்மா, “துணி துவைக்கிறவங்க, தரை துடைக்கிறவங்க, இவங்க கை எந்த மெஷின்லயும் விழ மாட்டேங்குது. தினம் சண்டை.”

கூடவே ஒரு துப்புரவுப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா விரலை வைத்தார், சிவப்பு. திரை அடுத்த விரலைக் கேட்டது. வைத்தார், பச்சை. அந்த அம்மா மறுபடி வைத்துப் பார்த்தார், மறுபடி பச்சை. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மேலாளர் அம்மாவின் முகத்தில் அலுப்பு குறைந்தது. சாரின் முகம் நெய் பூசினாற்போல் ஆயிற்று.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. மேலாளர் அம்மா சாவிக்கொத்தை நீட்டினார். “இந்த ரிப்போர்ட்டை இதுல போட்டுக் குடும்மா. எங்க டைரக்டருக்குக் காட்டணும்.”

செருகினேன். ரீஸ்டார்ட் திறந்தது ரீடருக்கு மட்டும். சுவரில், ஆள் உயரத்துக்கு, அந்த வரி வந்து நின்றது: இந்தக் கருவியை இணைக்க உங்கள் நிறுவனத்தின் கொள்கை அனுமதிக்கவில்லை.

“என்ன இது?” என்றார் மேலாளர் அம்மா.

சார் முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல மேடம். லேப்டாப்ல போர்ட் கொஞ்சம் பழுது. பொண்ணும் புதுசு, சரியா கையாளத் தெரியல. இல்லியாம்மா?”

இல்லியாம்மா என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ரீஸ்டார்ட்டும் பார்த்தார். ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் நிரந்தரம், அம்மா மெஷின் சூட்டை விட்டுவிடலாம், அப்பா முதுகைக் காட்ட ஒரு டாக்டரைத் தேடலாம். எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

“போர்ட் நல்லா இருக்கு மேடம்,” என்றேன். “எனக்குக் கையாளவும் தெரியும். எங்க அப்பா மூட்டை தூக்குறவர். அதனால நான் எதையாவது எடுத்துட்டுப் போயிடுவேன்னு இதைப் பூட்டி வச்சிருக்காங்க. வசதியான வீட்டுப் பிள்ளைங்க லேப்டாப் திறந்திருக்கு. அதுல போட்டுத் தரச் சொல்றேன்.”

துப்புரவு அம்மா தரையைப் பார்த்தார்.

மேலாளர் அம்மா சாரைத் திரும்பிப் பார்த்தார். இதோ, ஒரு பெண், படித்தவள், நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று ஒரு கணம் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“அப்படி ஆள் பாத்துப் பூட்ட முடியுமா?” என்று கேட்டார். “எங்களுக்கும் அது வேணும். ரெக்கார்டு ரூம் பொண்ணுங்க, வார்டு உதவியாளருங்க, எல்லார்கிட்டயும் லேப்டாப் இருக்கு. டாக்டர்களுக்கு வேண்டாம், அவங்க கோபப்படுவாங்க.”

சாருக்குத் திரும்ப உயிர் வந்தது. “தாராளமா மேடம். ரீடரோட சேர்த்தே குடுத்துடறோம்.” தன் மச்சானை ஒரு பொருளை விற்கிற பெருமையோடு பார்த்தார். ரீஸ்டார்ட் தலையாட்டினார். எச்சில் துப்பத் தெரிந்தவருக்கு ஒரு தொழில்நுட்பம் கிடைத்துவிட்டது.

அவர்கள் போனதும் சார் என்னைக் கூப்பிட்டார். கோபம் இல்லை. ஆர்டர் வந்த மனிதர்களுக்கு மன்னிப்பு சுலபம்.

“வாய் ஜாஸ்தி உனக்கு. ஆனாலும் வேலை நல்லா பண்ணியிருக்கே. நிரந்தரம் பண்ணிடறேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரீடரைப் போட்டுட்டு, அப்படியே அந்தப் பூட்டையும் போட்டுட்டு வா. யார் யாருக்குன்னு அந்த மேடம் சொல்லுவாங்க.”

“ரீடரைப் போடறேன் சார். பூட்டை நான் போடமாட்டேன்.”

“உனக்கு என்னம்மா வந்துச்சு? உன்னோடதைத் திறந்து விடச் சொல்றேன், போதுமா?”

“நெட்டையோடது?”

“அவன் கேக்கவே இல்லையே.”

“நான் கேக்கறேன். ஆஸ்பத்திரிப் பொண்ணுங்களுக்கும் நான்தான் கேக்கறேன். போடமாட்டேன்.”

சார் பெருமூச்சு விட்டார், நான் அவர் பெற்ற மகள் மாதிரி. “அப்போ நிரந்தரத்தை இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம். உன்னோடதும் பூட்டினபடியே இருக்கட்டும். பூட்டு வேலைக்கு டாக்டர் பொண்ணு போவா.” டாக்டர் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். “சரி சார்,” என்றாள், எதற்குச் சரி என்று கேட்காமலே.

வேலையை நான் விடவில்லை. அப்பா சொன்னதற்காக அல்ல. தேய்ந்த விரலைப் படிக்க வைக்க இந்தக் கட்டடத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி ரீடர்களைத் தயார் பண்ண என் போர்ட் திறக்க வேண்டும், அதைத் தினமும் காலையில் ரீஸ்டார்ட்தான் திறக்க வேண்டும். அங்கேதான் சார் கணக்கில் தவறிவிட்டார். கேட்பவள் நான் என்பதை மறந்துவிட்டார்.

முதல் நாள் காலை எல்லோரும் டீயோடு நிற்கிற நேரமாகப் பார்த்து, ரீஸ்டார்ட் அறை வாசலில் நின்றேன். மெதுவாகப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, மார்க்கெட் சத்தத்தில் வளர்ந்த தொண்டை.

“அண்ணே, போர்ட்டைத் திறந்து விடுங்க. எங்க அப்பா மூட்டை தூக்குறவர்.”

டீ குடித்தவர்கள் திரும்பினார்கள். ரீஸ்டார்ட் காது சிவந்தது. “உள்ள வந்து மெதுவா சொல்லக்கூடாதா?”

“கம்பெனிக் கொள்கைதானேண்ணே. ரகசியம் ஒண்ணும் இல்லையே.”

திறந்தார். சாயங்காலம் பூட்டினார். மறுநாள் காலை மறுபடி அதே வாசல், அதே வாக்கியம், அதே சத்தம். வாடிக்கையாளர் யாரோ வரவேற்பில் உட்கார்ந்திருந்தார், அவரும் எட்டிப் பார்த்தார். சார் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த நாள் நான் வாசலில் நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம். நெட்டை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான்.

“உனக்கு எதுக்குடா? நீதான் எதையும் செருகறதில்லையே.”

“செருகறதில்லதான்,” என்றான். பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, எனக்குச் சமமான சத்தத்தில், “அண்ணே, எனக்கும் திறங்க. எங்க அம்மா பள்ளிக்கூடத்துல கூட்டுறாங்க,” என்றான்.

ரீஸ்டார்ட் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் டீ கிளாசோடு நின்றவர்களைப் பார்த்தார். கீபோர்டை இழுத்து இரண்டு பேருக்கும் திறந்தார். அன்றைக்குச் சாயங்காலம் பூட்டவில்லை. ஏன் பூட்டவில்லை என்று நாங்களும் போய்க் கேட்கவில்லை.